மாமா கொண்டு வரும் பேஸா, கையில் இருக்கிற பேஸா?

தலவாக்கலையிலிருந்து பேஸ் கிட்டார் வாசிக்கிற ஒரு தம்பி போன வாரம் குரல் செய்தி அனுப்பியிருந்தான். "அண்ணே, மாமா டிசம்பர்ல டுபாய்ல இருந்து வர்றாரு. சீட்டுக் காசும் சேர்த்து ஆறு லட்சம் இருக்கு. ஒரு பூட்டிக் பேஸ் கொண்டு வரச் சொல்லவா, இல்லாட்டி கையில இருக்கிறதையே மாத்திக்கவா?" பின்னால் பீலியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம், யாரோ அவனைக் கூப்பிட்டுத் திட்டுகிற சத்தம். இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் தொடங்கினேன், முடியவில்லை. இதே கேள்விக்கு நான் ஒருமுறை தப்பாகப் பதில் சொல்லி, அந்தத் தப்புக்கு நான்கு வருஷம் தவணை கட்டியவன்.

முதலில் இந்தப் பூட்டிக் என்ற சொல். நம் நாட்டு ஆங்கிலத்தில் பூட்டிக் என்றால் பெட்டிக்கடைதான். ரோட்டோரத் தேத்தண்ணிக்கடையை டீ பூட்டிக் என்று எழுதுகிற ஊர் இது. பேஸ் விஷயத்திலும் அந்த அர்த்தமே பொருந்தும் என்று நினைக்கிறேன். பெரிய தொழிற்சாலை கிடையாது, சில பேர் மட்டும் வேலை செய்கிற சின்னக் கடை, அதில் பலதும் திருத்துவேலைக் கடையாகத் தொடங்கியவை. ரோஜர் சடோவ்ஸ்கி 1979ல் நியூயோர்க்கில் கடை போட்டபோது ஸ்டூடியோ வாசிப்பாளர்களின் கிட்டார்களைத் திருத்திக் கொடுப்பதுதான் பிழைப்பு. பேஸ் வாசிப்பாளர் மார்கஸ் மில்லரிடம் இருந்த, ஃபெண்டர் கொம்பனி 1977ல் செய்த ஜாஸ் பேஸுக்குள் ப்ரீஆம்ப், அதாவது பெட்டரியில் ஓடிச் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துச் சீர்ப்படுத்துகிற சின்னச் சர்க்கிட், வைத்துக் கொடுத்தவர் அவர்தான். அதற்குப் பத்து வருஷம் முன்னால், 1969ல், கலிபோர்னியாவில் தொடங்கிய அலெம்பிக்காரர்கள் கிரேட்ஃபுல் டெட் என்ற ரொக் குழுவின் பேஸைப் பிரித்து உள்ளே எலக்ட்ரோனிக்ஸ் திணித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவனின் பேஸைத் திருத்தித் திருத்திக் கை பழகி, அப்புறம் 'இதை நாமே முழுசாகச் செய்தால் என்ன' என்று இறங்கியவர்கள். அதனால் பூட்டிக் வாங்குவதா, மாற்றியமைப்பதா என்பது இரண்டு வேறு உலகம் மாதிரித் தெரிந்தாலும் அடியில் ஒன்றுதான்: யாரோ ஒருவர் ஏற்கெனவே செய்து முடித்த மாற்றங்களுக்குக் காசு கொடுக்கப் போகிறோமா, நம் மாற்றங்களை நாமே செய்யப் போகிறோமா.

நாமே செய்வதற்கும் பரம்பரை இருக்கிறது. பேஸ் மேதை ஜாக்கோ பஸ்டோரியஸின் பேஸில் ஃப்ரெட் என்கிற குறுக்கு உலோகக் கோடுகள் இல்லை, அது படகுக்குப் பூசுகிற எபொக்சி பூசிய ஒரு 1962 ஜாஸ் பேஸ். இன்னொரு பேஸ் மேதை ஜேம்ஸ் ஜேமர்சன் இன்னும் மோசம். அவருடைய 1962 ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் கம்பி அறுந்தால்தான் மாற்றுவாராம். இரண்டுமே தொழிற்சாலைச் சாமான்.

அப்படியென்றால் பூட்டிக் பேஸுக்குக் கொடுக்கிற காசு எங்கே போகிறது? என் கணக்கில் பெரும்பகுதி நெக்குக்கு, விரல் ஓடுகிற அந்த நீண்ட கழுத்துக்கு, போகிறது, போகவும் வேண்டும். கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பை அரை மணித்தியாலத்தில் கழற்றி மாட்டலாம், உடலில் கம்பியைத் தாங்குகிற பிரிட்ஜ் ஐந்து திருகாணி, ப்ரீஆம்ப் இரண்டு இரவு வேலை. நெக் அப்படி வராது. மரம் எப்படி அறுத்தது, எத்தனை காலம் காய வைத்தது, உள்ளே கார்பன் பட்டை ஓடுகிறதா, ஃப்ரெட்டுகளை ஒரே மட்டத்துக்கு யார் தேய்த்தது, இவையெல்லாம் கடையிலிருந்து வந்தபடிதான் கடைசிவரை இருக்கும். இரண்டு பேஸில் எது என்று யார் கேட்டாலும் நான் முதலில் நெக்கைத்தான் பார்ப்பேன். மரத்தின் அழகு, முகப்பில் ஒட்டிய கண்ணைப் பறிக்கிற தகடு, கம்பியை முறுக்குகிற தங்க முலாம் பூசிய சாவிகள் எல்லாம் அதற்கப்புறம்.

நம் பக்கத்தில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். தப்பு மேளம் அடிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். மூடுபனி இறங்குகிற சாயங்காலம் தப்பைத் தீயில் காட்டிக் காட்டித்தான் தோலை இறுக்குவார்கள், இரண்டு பாட்டுக்கு ஒருமுறை மறுபடி தீ. தோல் பத்து நிமிஷத்தில் சொல்வதை மரம் பத்து நாளில் சொல்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அட்டன், மஸ்கெலியா பக்கம் மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரை சுவரே வியர்க்கும். அதே ஜூலையில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் கச்சான் காற்று அடித்து உதடு வெடிக்கும். இந்தப் பக்கத்துத் திருவிழா முடித்து அந்தப் பக்கத்துக் கல்யாணத்துக்கு பேஸோடு பஸ் ஏறுகிறவனுக்கு நெக் எந்த நாளில் எப்படி நிற்கும் என்பதுதான் முதல் கவலை. காய்ந்த காலத்தில் விரல்பலகை சுருங்கி ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டும், கை மேலே கீழே போகும்போது ரம்பம் மாதிரிக் கீறும். பக்கவாட்டில் நேராக அறுத்த மேப்பிள், வறுத்த மேப்பிள், உள்ளே கார்பன் வைத்த நெக், இவற்றுக்கெல்லாம் கூடக் காசு கேட்பது வெறும் அலங்காரம் என்று சமவெளியில் இருக்கிறவன் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன்.

சரி, நான் விட்ட தப்புக்கு வருவோம்.

நான் வாங்கியது ஐரோப்பாவில் ஒரு சின்னப் பட்டறையில் செய்த ஐந்து கம்பி பேஸ், இரண்டாங்கை. பெயர் வேண்டாம். நெக் உடலுக்குள் முழுசாக ஓடுகிற வகை, கனமான ஆபிரிக்க மரம், 5 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். சத்தம் அப்படி ஒரு சத்தம், பொய் சொல்லக்கூடாது. கீழ் பி கம்பி 31 ஹேர்ட்ஸ் பக்கம் அதிர்கிறது, பெரும்பாலான பேஸில் அது சத்தமே இல்லை, வெறும் உறுமல். இதில் சுரமாகக் கேட்டது. இரண்டு வருஷம் சந்தோஷமாக வாசித்தேன். மூன்றாவது வருஷம் ஒரு தோட்டத்துத் தேர்த்திருவிழா, இரண்டாவது பாட்டின் நடுவில் பேஸ் மெல்லத் தேய்ந்து, இருமி, நின்றுவிட்டது. பெட்டரி என்று நினைத்தேன். சந்திக் கடையில் போய் ஒன்பது வோல்ட் ஒன்று வாங்கி வந்து போட்டும் மூச்சில்லை. அந்தப் பேஸில் ப்ரீஆம்பை விலக்கிவிட்டு வாசிக்க வைக்கிற பெசிவ் சுவிட்ச் கிடையாது, ப்ரீஆம்ப் செத்தால் பேஸும் செத்தது. மிச்ச நிகழ்ச்சி முழுக்கக் கீபோர்டுக்காரத் தம்பி இடது கையால் பேஸ் வாசிக்க, நான் தாளம் போட்டுக்கொண்டு நின்றேன்.

மறுநாள் டவுனில் ரேடியோ திருத்துகிற பாஸிடம் கொண்டுபோனேன். பின்மூடியைத் திறந்து கண்ணாடியைத் தூக்கிவிட்டு உள்ளே பார்த்தவர் சிரித்துவிட்டார். ப்ரீஆம்ப் முழுவதும் கறுப்பு எபொக்சியில் தோய்த்துக் கட்டியாக இருந்தது, கருப்பட்டித் துண்டு மாதிரி. ஈரம் புகாமலும் மற்றவர்கள் பார்த்துச் செய்துவிடாமலும் இருக்க அப்படி ஊற்றுவார்கள். "இதுல எதை நான் திருத்துறது, தம்பி? உள்ள என்ன இருக்குன்னு செஞ்சவனுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்." பட்டறைக்கு எழுதினேன், அந்த மாதிரி ப்ரீஆம்ப் இப்போது செய்வதில்லை என்று பதில் வந்தது. கடைசியில் அதே பாஸ்தான் பிக்கப் வயரை வெட்டி, பழைய ஆம்ப் ஒன்றிலிருந்து கழற்றிய வொல்யூம் திருகி ஒன்றை (500கே பொட்) வைத்து, பிக்கப்பிலிருந்து வொல்யூமுக்கு, வொல்யூமிலிருந்து ஜேக்குக்கு என்று நேராக ஈயம் வைத்துக் கொடுத்தார். முந்நூறு ரூபாய் கேட்டார். பேஸ் உயிர் பெற்றது. முன்னைவிட முரட்டுத்தனமாக, கொஞ்சம் மங்கலாக, ஆனால் எனக்குப் பிடித்த மாதிரி. (நம்மூரில் தச்சரும் பாஸ், மேசனும் பாஸ், ரேடியோக்காரரும் பாஸ். பேஸைத் தூக்கிக்கொண்டு பாஸிடம் போனேன் என்று சொன்னால் கேட்கிறவன் குழம்புவான்.)

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, பூட்டிக் கூடாது என்பதல்ல. அட்டன் டவுனில் திருத்த முடியாத ஒன்றை அட்டனில் வைத்துக்கொண்டு தொழில் செய்யக்கூடாது என்பதுதான். ப்ரீஆம்ப் உள்ள பேஸ் என்றால் பெட்டரி இல்லாமலும் பாடக்கூடியதாக இருக்கவேண்டும். சடோவ்ஸ்கி பேஸில் ஒரு குமிழை இழுத்தால் ப்ரீஆம்ப் விலகி நின்றுவிடும். எத்தனையோ நல்ல பேஸ்களில் அந்த வசதி இல்லை. 1976ல் வந்த ஸ்டிங்ரே பேஸ் எவ்வளவு பேர்பெற்றது, பழைய வடிவத்தில் பெட்டரி போனால் அதுவும் ஊமை. ஈஎம்ஜி மாதிரி பிக்கப்பே பெட்டரியில் ஓடுகிற வகையென்றால் சுவிட்ச் வைத்தும் பயனில்லை. இன்னொன்று, வயரைச் சொருகி வைத்திருக்கிற நேரமெல்லாம் பெட்டரி ஓடிக்கொண்டிருக்கும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். ஜேக்கை இரவு முழுக்கச் சொருகியபடியே விட்டுவிட்டு 'பெட்டரி நிற்குதில்லை' என்று சொல்கிறவர்கள் எங்கள் குழுவிலேயே இரண்டு பேர்.

இனி அந்த ஆறு லட்சம். டொலர் 300 ரூபாய்ப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம், அப்படியென்றால் கையில் 2,000 டொலர். 2022ல் இரண்டே மாதத்தில் 200 சொச்சத்திலிருந்து 360 வரை ஏறியதைப் பார்த்த நமக்கு டொலர் கணக்கு போடும்போதே வயிறு கலங்கும். டிசம்பர் வரைக்கும் இதே விலை நிற்கும் என்று நான் எழுதித்தர மாட்டேன். இந்தக் காசுக்கு ஃபோடெரா, அலெம்பிக் மாதிரிப் பெரிய பூட்டிக் பெயர்களின் பேச்சே வேண்டாம், ஃபோடெராவில் நம் விருப்பப்படி செய்யச் சொன்னால் 10,000 டொலரைத் தாண்டுவது சாதாரணம். கிடைக்கக்கூடியது இரண்டு ரகம். ஒன்று, பூட்டிக் பெயர்காரர்கள் ஆசியாவில் செய்விக்கிற இரண்டாம் வரிசை: சீனாவில் செய்கிற சடோவ்ஸ்கி மெட்ரோஎக்ஸ்பிரஸ், டிங்வோல் கொம்பஸ்சன், இந்தோனேசியாவில் செய்கிற லக்லண்ட் ஸ்கைலைன். இன்னொன்று, டுபாயில் வேலை முடித்துக் கிளம்புகிற யாராவது விற்கிற இரண்டாங்கை ஜேர்மன் சாண்ட்பேர்க் மாதிரி ஒன்று. இரண்டாவதுதான் என் மனசுக்குப் பிடித்தது, ஆனால் அதை மாமா பார்த்து வாங்கவேண்டும். மாமா லொறி ஓட்டுகிறவர். நெக் வளைந்திருக்கிறதா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

டிங்வோலைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அந்தத் தம்பி அனுப்பிய படம் அதுதான். ஃப்ரெட்டுகள் விசிறி மாதிரி விரிந்து நிற்கும். மெல்லிய கம்பிக்கு 34 அங்குலம், கீழ் பி கம்பிக்கு 37 அங்குலம். கனடாக்காரர்கள், நல்ல யோசனை, கீழ் பி இறுக்கமாகத் தெளிவாக இருக்கும், பியானோவில் தடித்த கம்பி நீளமாக இருப்பது எதற்கோ அதற்குத்தான் இதுவும். ஆனால் அந்த நீளத்துக்குச் சாதாரணக் கம்பிக் கட்டு எட்டாது, அதற்கென்றே வருகிற கம்பி வேண்டும். கொழும்பில் கடை கடையாக ஏறி இறங்கவேண்டி வரும், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் பார்சல். நுவரெலியாவில் ஜனவரி இரவு பத்து மணிக்கு விறைத்த விரலை முதல் ஃப்ரெட்டில் விரித்துப் பிடிப்பதையும் யோசிக்கச் சொன்னேன். சிரித்தான். அவனுக்கு இருபத்திரண்டு வயசு, விரல் விறைப்பதெல்லாம் இன்னும் தெரியாது.

தலையில்லாத பேஸ் என்றால் பஸ்ஸில் கொண்டுபோகச் சுகம், இதை ஒத்துக்கொள்கிறேன். கினிகத்தேனை வளைவுகளில் மேல் தட்டில் வைத்த பேஸ் உருண்டு யாருடைய தலையிலாவது இறங்குகிற பயம் இருக்காது. அதற்கும் சில வகைக்கு இரண்டு முனையிலும் குண்டு வைத்த கம்பிதான் மாட்டமுடியும், ஆக மறுபடியும் அதே கம்பிக் கதை.

மாமா கையில் கொண்டு வருவதற்கும் பார்சலில் வருவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பார்சல் என்றால் சுங்கத் தீர்வை, மற்ற வரிகள், அதற்கெல்லாம் மேல் 2024லிருந்து 18 வீத வாட். ரோஸ்வுட் விரல்பலகை பற்றிப் பழைய பயம் ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதை விட்டுவிடலாம். 2017ல் ரோஸ்வுட் வகைகள் எல்லாவற்றையும் சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்டார்கள், செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 கடைசியில் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். பிரேசில் ரோஸ்வுட் மட்டும் வேறு கதை, 2,000 டொலர் பேஸில் அது வராது.

இப்போது மறுபக்கம். அந்தத் தம்பியிடம் இருப்பது இந்தோனேசியாவில் செய்த ஒரு ஜாஸ் வகைப் பேஸ், நான்கு கம்பி, திருகாணி போட்டுப் பூட்டிய நெக். அவனுடைய அண்ணன் வாசித்தது. சத்தம் ஒல்லி, ஒற்றைப் பிக்கப்பில் வாசித்தால் இரைச்சல், கம்பி துருவேறியது. அவன் சொன்ன மூன்று குறையில் ஒன்றுக்கும் ஆறு லட்சம் தேவையில்லை.

கம்பியிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் சத்தத்தில் பாதி அங்கேதான். மலைநாட்டு ஈரத்தில் சாதாரண நிக்கல் கம்பி சீக்கிரம் செத்துப்போகும். நாங்கள் எல்லாரும் செய்தது கம்பியைக் கழற்றிச் சுருட்டி வெந்நீரில் பத்து நிமிஷம் அவிப்பது. இடுக்கில் அடைந்த அழுக்கும் வியர்வையும் வெளியே வந்து, கொஞ்ச நாளைக்குப் புதுக் கம்பி மாதிரிக் கிணுகிணுக்கும். என் அம்மா கறிச்சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு "இன்னைக்கு நூடுல்ஸா?" என்று கேட்டது இன்னும் வீட்டில் ஓடுகிற கதை. ஆனால் அது தற்காலிகம். பூச்சுப் பூசிய கம்பி ஒரு கட்டு வாங்கினால் விலை இரட்டிப்பு, ஆயுள் அதைவிடக் கூட. பழைய பாட்டு, பைலா, கோயில் பஜனை என்று வாசிக்கிறவனுக்குத் தட்டைச் சுற்றுக் கம்பி இன்னும் நல்லது, வருஷக்கணக்கில் கிடக்கும்.

இரைச்சல். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பும் ஒன்றுக்கொன்று எதிர்ச் சுற்று, இரண்டையும் முழுதாகத் திறந்தால் இரைச்சல் அடங்கும், ஒன்றைக் குறைத்தால் நம் 50 ஹேர்ட்ஸ் கரண்ட் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஜெனரேட்டரும் டிம்மர் விளக்கும் இருக்கிற மேடையில் சொல்லவே வேண்டாம். குழிகளுக்குள் செப்புத் தகட்டு நாடா ஒட்டி, எல்லாத் துண்டையும் ஒன்றோடொன்று ஈயம் வைத்து இணைத்து, கடைசியில் எர்த்துக்கு ஒரு வயர் இழுத்தால் ஓரளவு குறையும். முழுக்கப் போகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை, செலவு ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். முழுக்கப் போகவேண்டுமென்றால் ஒற்றைச் சுருள் வடிவத்திலேயே உள்ளே இரட்டைச் சுருள் வைத்த பிக்கப் வாங்கவேண்டும்.

எர்த் என்று சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பேஸின் கம்பிகள் எல்லாம் பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு இணைந்தவை. நாம் கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத் தரையில் நிற்கிறோம். ஆம்பின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை யாரோ உடைத்துவிட்டு இரண்டு முள்ளாக்கியிருந்தால், அல்லது அந்தக் கட்டடத்தில் எர்த்தே இழுக்காமல் விட்டிருந்தால், மைக்கில் உதடு பட்டதும் தெரியும் சேதி. டெஸ்டர் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வாசிக்கும் முன் அதன் முனையால் கம்பியையும் மைக் வலையையும் தொட்டுப் பாருங்கள். இதற்கும் பூட்டிக்குக்கும் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

பிக்கப்தான் மாற்றத்தில் பெரிய மாற்றம். பார்டோலினி, நோர்ட்ஸ்ட்ராண்ட், அகுயிலர், டிமார்சியோ, இவையெல்லாம் பூட்டிக் பேஸ்களுக்குள் போகிற அதே பெயர்கள், ஜாஸ் பேஸ் அளவிலும் வாங்கலாம். இங்கேதான் சாதாரணப் பேஸின் பலம் தெரிகிறது. ஜாஸ் வடிவம் 1960லிருந்து ஏறக்குறைய அதேதான், உலகத்தில் யார் செய்த பிக்கப்பும் பொருந்தும். என்னுடைய ஐரோப்பியப் பேஸில் சோப்புக்கட்டி வடிவப் பிக்கப், அதிலும் அந்தப் பட்டறையின் சொந்த அளவு. மாற்றவேண்டுமென்றால் மரத்தைக் குடையவேண்டும். ஜாஸிலும் ஒரு கண்ணி உண்டு: இரண்டு பிக்கப்பும் ஒரே நீளம் இல்லை. பிரிட்ஜ் பக்கத்தது ஏறத்தாழ 94 மில்லிமீற்றர், நெக் பக்கத்தது 91 பக்கம், சில மலிவுப் பேஸ்களில் இரண்டுமே ஒரே அளவு. அளக்காமல் வாங்கி, வந்தது குழிக்குள் இறங்காமல் அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ப்ரீஆம்ப் வைப்பது என் பட்டியலில் கடைசி. அகுயிலரோ வேறொன்றோ வைத்தால் பேஸ் பெரிய மேடையில் நிமிர்ந்து நிற்கும், உண்மை. ஆனால் பெட்டரிக்கு இடம் வேண்டும், குமிழ்க் குழியில் இடமில்லாவிட்டால் உடலின் பின்பக்கம் வெட்டவேண்டும், வெட்டிய மரத்தை ஒட்ட முடியாது. விற்கப் போகும்போது வாங்க வருகிறவன் முதலில் தடவிப் பார்ப்பது அந்த வெட்டைத்தான். அதே வேலையைக் காலடியில் வைக்கிற ப்ரீஆம்ப் பெட்டி ஒன்று செய்யும், நாளைக்கு வேறு பேஸ் வாங்கினால் அதையும் கூடவே எடுத்துப் போகலாம். கழற்றிய பழைய சாமான் எல்லாவற்றையும், திருகாணி உட்பட, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். கனமான பிரிட்ஜ் வைத்தால் சத்தம் நீளும் என்பார்கள். எனக்குக் கேட்டதெல்லாம் பேஸின் பாரம் கூடிய சத்தம்தான்.

இதற்கு நடுவில் இன்னொரு ஆசை எல்லாருக்கும் வரும். உடலை இங்கேயே ஒரு பாஸைக் கொண்டு செய்வித்து, நெக்கை மட்டும் வெளியிலிருந்து எடுத்தால் என்ன? மரத்துக்கா பஞ்சம். மெகோகனி இருக்கிறது, வீணை செய்கிற பலா இருக்கிறது, விரல்பலகைக்கு உலகமே தேடுகிற கருங்காலி நம் தீவின் மரம். நானும் முயன்றேன், கதவு நிலை செய்வதில் பெயரெடுத்த ஒருவரிடம் கொடுத்தேன். மெகோகனியில் அழகாகச் செய்திருந்தார், விளிம்பெல்லாம் பட்டு மாதிரி. நெக் உட்காருகிற பள்ளம் மட்டும் ஒரு நூல் பெரிசு. தச்சுக்கணக்கில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று, மூன்று மில்லிமீற்றர். கதவுக்கு அது ஒன்றுமேயில்லை, மழைக்குக் கதவு ஊதும் என்று தெரிந்தே விட்ட இடைவெளி. 63 மில்லிமீற்றர் அகல நெக்குக்கு அது பள்ளத்தாக்கு. கம்பி பலகையின் ஒரு ஓரமாக வழுக்கிப் போனது. குறை அவருடையது இல்லை, பிளைவுட்டில் அச்சு வெட்டிக் கொடுத்து 'இதற்குள் காகிதம் நுழையக்கூடாது' என்று சொல்லியிருக்கவேண்டியவன் நான். நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பி உட்காருகிற நட்டிலிருந்து பிரிட்ஜுக்கு 864 மில்லிமீற்றர் என்பதிலும் அதே பிடிவாதம் வேண்டும். பொழுதுபோக்குக்கு இதைவிட நல்ல வேலை இல்லை, சம்பாதிக்கிற பேஸுக்கு வேண்டாம்.

ஆறு லட்சத்தில் மூன்றாவது வழி, புதிதாக ஒரு நடுத்தரப் பேஸ். கொரியக் கொம்பனியான சைர், மார்கஸ் மில்லர் பெயரில் இந்தோனேசியாவில் செய்கிற வி வரிசை, யமஹா பிபி, இபனேஸ் எஸ்ஆர். சைர் வி7ல் பெசிவ் சுவிட்ச் இருக்கிறது, ஜாஸ் வடிவம், ஃப்ரெட் ஓரங்களை உருட்டித் தேய்த்தே தருகிறார்கள். காசில் பாதி மிஞ்சும். பேஸே இல்லாதவனுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். தம்பியிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

அதனால் அவனுடைய முடிவு அந்தப் பழைய நெக்கிடம் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பேஸைத் தூக்கிக்கொண்டு வந்தான், மழை, உறைக்கு மேல் கொழுந்துப் படங்கு சுற்றியிருந்தது. கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடலோடு சேருகிற இடத்திலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் பார்த்தோம். ஒரு விசிட்டிங் கார்ட் உரசிக்கொண்டு போகிற இடைவெளி இருந்தால் போதும், 0.3 மில்லிமீற்றர். இதில் அடையாள அட்டையே போனது. எந்த மழைக்காலத்திலிருந்து அப்படி இருந்ததோ. நெக்குக்குள் ஓடி அதை நேராக்குகிற ட்ரஸ் ரொட் என்ற இரும்புக் கோல் எல்லைக்கு வந்து இறுகிப்போயிருந்தால் சங்கதி முடிந்தது, அந்த நெக்குக்குள் ஒரு லட்ச ரூபாய்ப் பிக்கப் மாட்டுவது ஓட்டைப் பானைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை, மாமாவுக்கே போன் போடலாம் என்று சொல்லியிருந்தேன். கம்பியைத் தளர்த்தி, ட்ரஸ் ரொட் சாவியை வலப்பக்கம் கால் சுற்று. முனகிக்கொண்டே திரும்பியது. அதற்கு மேல் திருகவில்லை, மரத்துக்கு ஒரு இரவு கொடுக்கவேண்டும்.

காலையில் தேத்தண்ணிக்கு முன்னாலேயே எழுந்து போய்ப் பார்த்திருக்கிறான். அடையாள அட்டை போகவில்லை, விசிட்டிங் கார்ட் கொஞ்சம் தாராளமாகப் போனது. இன்னொரு அரைக்கால் சுற்று வைத்தோம், அதற்கப்புறமும் சாவியில் இன்னும் இடமிருந்தது. மாமாவுக்கு அங்கிருந்தே செய்தி போட்டான்: இரண்டு பிக்கப், ஒன்று 94, ஒன்று 91, பூச்சுப் பூசிய கம்பி மூன்று கட்டு, செப்பு நாடா ஒரு சுருள். மிச்சக் காசுக்கு நல்ல ஸ்பீக்கர் பெட்டி ஒன்று பார்க்கலாமா என்று கேட்டான். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதவேண்டும்.